ஏற்காட்டு மழை கடலில் சேரும் இடம்: சேலத்திலிருந்து எந்த முகத்துவாரத்துக்குப் போகலாம்?

ஐப்பசி பிறந்தாலே இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. ஆறு மணல்மேட்டை உடைத்துக்கொண்டு கடலில் இறங்குவதைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும், சேலத்திலிருந்து எங்கே போவது? ஆத்தூர்ப் பக்கத்துப் புவியியல் ஆசிரியர் ஒருவர் கடலூரா பரங்கிப்பேட்டையா என்று குழம்பிப்போய்க் கேட்டிருக்கிறார். அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு தாயார், "பூம்புகார் போனால் சாமி கும்பிட்ட மாதிரியும் ஆச்சு, ஆறு பார்த்த மாதிரியும் ஆச்சு, சரிதானுங்களே?" என்கிறார். எப்படியும் சென்னைக்குப் போகிறவர்கள் அடையாறு போதாதா என்கிறார்கள்.

மலையடிவாரத்தில் இருக்கிற நாம் இதைக் கேட்பதில் நியாயம் உண்டு. சேர்வராயன் மலையில் பெய்வது எல்லாம் வங்காள விரிகுடாவுக்குத்தான் போகிறது. ஆனால் ஒரே வாசல் வழியாகப் போவதில்லை. மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் நகருக்குள் புகுந்து, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. சரபங்கா ஆறு ஓமலூர், எடப்பாடி வழியாகப் போய் அதே காவிரியைத்தான் சேர்கிறது. மலையின் வடக்குப் பக்கத்தில் இறங்கும் வாணியாறு, பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்து அணையில் தேங்கி, பிறகு தென்பெண்ணையில் சேர்ந்து கடலூருக்கு நடையைக் கட்டுகிறது. மாவட்டத்தின் கிழக்கே ஆனைமடுவு, கரியகோவில் அணைகளின் உபரி நீர் வசிஷ்ட நதியாகி, பெத்தநாயக்கன்பாளையம், ஆத்தூர், தலைவாசல் தாண்டி, வெள்ளாறு என்ற பெயரில் பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. ஆக நம் மாவட்டத்துத் தண்ணீருக்கு மூன்று முகத்துவாரங்கள். இவற்றோடு அடையாற்றையும், வெளியே போகவே முடியாத பள்ளிகளுக்காக ஒரு வகுப்பறை வழியையும் சேர்த்து எடை போட்டிருக்கிறேன்.

பார்க்கப் போவது என்ன?

இது தெளிவானால்தான் இடம் தெளிவாகும். நம் கிழக்குக் கரையில் சாய்வாக வந்து மோதும் ஒவ்வோர் அலையும் மணலைக் கரையோரமாகவே கொஞ்சம் நகர்த்திவிட்டுப் போகிறது. பங்குனி முதல் புரட்டாசி வரை இந்த நகர்வு தெற்கிலிருந்து வடக்கே. வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடக்கிலிருந்து தெற்கே. வருஷக் கணக்குப் போட்டால் வடக்கே போவதுதான் அதிகம். சென்னைத் துறைமுகச் சுவர் இந்த மணலை மறித்ததால்தான் அதன் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது.

ஆற்றில் ஓட்டம் இருக்கும்வரை அதன் வாயில், அதாவது முகத்துவாரத்தில், சேரும் மணலை அது வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். கோடையில் ஓட்டம் நின்றால் தள்ள ஆளில்லை. ஓதம், அதாவது கடலின் ஏற்றவற்றம், உள்ளே ஏறி இறங்கும்போது கொஞ்சம் மணலை எடுத்துப் போகும் என்றாலும், நம் கரையில் அதற்கு வலு குறைவு. அமாவாசை, பௌர்ணமி நாட்களிலேகூடச் சென்னையில் கடலின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டரை ஒட்டித்தான்; தெற்கே நாகப்பட்டினம் பக்கம் இன்னும் குறைவு. அதனால் பருவமழையை நம்பியிருக்கும் ஆறுகளின் வாய் கோடையில் குறுகும், பல இடங்களில் முழுக்க அடைந்துபோகும்.

பிறகு வடகிழக்குப் பருவமழை. வாயை அடைத்த மணல்மேட்டுக்குப் பின்னால் தண்ணீர் ஏறி, உள்மட்டம் கடல்மட்டத்தைத் தாண்டுகிறது. மேட்டில் எங்கே தாழ்வோ அங்கே முதலில் ஒரு சாண் அகலத்துக்கு வழிகிறது. ஆற்றுத் தண்ணீர் முட்டி மோதி மேட்டைத் தள்ளிவிடுவதாகத்தான் பாடம் படித்த பிள்ளைகள் பலரும் நினைத்திருக்கிறார்கள். உடைப்பு தொடங்குவது கடல் பக்கத்தில். அங்கேதான் சரிவு அதிகம் என்பதால் வழிகிற தண்ணீர் வேகம் பிடித்து அடிமணலைப் பறிக்கிறது. பறித்த இடம் ஒரு சிறு படியாகிறது. அந்தப் படி பின்வாங்கிப் பின்வாங்கி ஆற்றை நோக்கி நகர்ந்து, தேங்கிய நீரைத் தொட்டதும் மடை திறந்த கதைதான். இரண்டு பக்கமும் மணல் சுவர் செங்குத்தாக நின்று பாளம் பாளமாகச் சரியும். காலையில் ஒரே எட்டில் தாண்டின வாய்க்காலைச் சில மணி நேரம் கழித்துப் படகு இல்லாமல் கடக்க முடியாது. கடல் வற்றியிருக்கும் நேரத்தில் உள்ளுக்கும் வெளிக்கும் உயர வித்தியாசம் கூடுவதால் அரிப்பும் கடுமையாக இருக்கும்.

அள்ளிப் போன மணல் தொலைந்துவிடாது. வாய்க்கு வெளியே ஆழம் குறைந்த திட்டாகப் படிந்து கிடக்கும். வெள்ளம் அடங்கியதும் அலை அதையே திரும்பக் கரைக்குச் சுமந்துவந்து, மறுபடி வாயை மூடத் தொடங்கும்.

ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். உடையும் அந்தச் சில மணி நேரத்தைக் குறிவைத்துப் பிள்ளைகளை அழைத்துப் போக முடியாது, போகவும் கூடாது. அது சிவப்பு எச்சரிக்கை நாளில் நடப்பது. பள்ளிக்கு விடுமுறை, சாலையில் வெள்ளம், கரையில் காவல். நாம் தேர்ந்தெடுக்க வேண்டியது உடைப்புக்கு முந்தைய நிலையையோ, உடைத்த தடம் பச்சையாக இருக்கும் நிலையையோதான்.

எதை வைத்து முடிவு செய்வது?

ஐந்து விஷயங்களைப் பார்த்தேன். அந்த வாய் உண்மையிலேயே அடைந்து உடைகிறதா? உடைப்பது ஆறா, அணை ஷட்டரா, பொக்லைனா? பத்திரமான இடத்தில் நின்று பார்க்க வழி உண்டா? சேலத்திலிருந்து போக வர ஒரு நாள் போதுமா? கணக்கில் வராத செலவு என்ன? சாப்பாடு, தங்கும் இடம் பற்றி அதிகம் எழுதவில்லை. எல்லா ஊரிலும் கிடைக்கிறது.

| | தாழங்குடா (கடலூர்) | பரங்கிப்பேட்டை | பூம்புகார் | அடையாறு |
|---|---|---|---|---|
| ஆறு | தென்பெண்ணை | வெள்ளாறு | காவிரி | அடையாறு |
| நம் மாவட்டத்துத் தண்ணீர் | வாணியாறு வழியாக | வசிஷ்ட நதி வழியாக | திருமணிமுத்தாறு, சரபங்கா வழியாக | இல்லை |
| சேலத்திலிருந்து (சுமார்) | 200 கி.மீ. | 210 கி.மீ. | 250 கி.மீ. | 340 கி.மீ. |
| வாய் அடைவது | கோடையில் அடையும் | குறுகும், முழுக்க அடையாது | ஷட்டரைப் பொறுத்தது | அடிக்கடி அடையும், தோண்டித் திறப்பார்கள் |
| ஒரே நாளில் | முடியும் | முடியும், நெருக்கடி | சிரமம் | முடியாது |
| ஏற்ற காலம் | ஆவணி அல்லது தை | தை, மாசி | ஆடி | கோடை |

தாழங்குடா: தென்பெண்ணையின் வாய்

ஒரே இடம் சொல் என்றால் இதைத்தான் சொல்வேன். நந்தி மலையில் பிறந்து, கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை, திருக்கோவிலூர் தாண்டி வரும் ஆறு கடலூருக்கு வடக்கே இந்த மீனவக் கிராமத்தை ஒட்டிக் கடலில் சேர்கிறது. கோடையில் ஆறு வறண்டு கிடக்கும்போது கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவே மணல் கரை கட்டியிருக்கும். மழைக்காலத்தில் அதே இடத்தில் நிற்க முடியாது.

இந்த ஆற்றின் பலம் என்ன என்பதை 2024 டிசம்பரில் கண்கூடாகப் பார்த்தோம். ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபிறகு உள்மாவட்டங்களில் கொட்டித் தீர்த்தது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை. ஏற்காட்டிலும் பாறை சரிந்து மலைப்பாதை அடைபட்டது. சாத்தனூரிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். அந்த வெள்ளம் விழுப்புரம், கடலூர் மாவட்டக் கிராமங்களை மூழ்கடித்துவிட்டுத்தான் கடலுக்குப் போனது. நம் மலையில் பாறையை உருட்டிய அதே மழைதான் தாழங்குடாவில் மணலையும் உருட்டியது. இதை ஒரு பிள்ளை புரிந்துகொண்டால் போதும், போன காசு தண்டமில்லை.

தை மாதத்தில் போனால் என்ன பார்க்கலாம்? வாய் திறந்திருக்கும், வெள்ளம் வடிந்திருக்கும். ஆறு அறுத்த மணல் சுவர் இடுப்பு உயரத்திலோ முழங்கால் உயரத்திலோ நிற்கும். அதன் முகத்தை எதிரே நின்று பாருங்கள். வெளிர் மணலுக்கு நடுவே பென்சில் கோடு கிழித்த மாதிரிக் கறுப்பு அடுக்குகள், சில இடங்களில் செம்பு நிறம் ஓடும். கறுப்பும் செம்பும் கனமான கனிமத் துகள்கள். இலேசான மணலை அலை அலசிக்கொண்டு போனபிறகு தங்கியவை. ஒரு காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றி அந்தக் கறுப்பு மணலில் புரட்டினால் மயிர் மயிராக ஒட்டிக்கொள்ளும். கஞ்சமலை அடிவாரத்துப் பிள்ளைகளுக்கு இது பழகின விளையாட்டு. மலையில் இருந்த மேக்னடைட்டும் (காந்தம் இழுக்கும் இரும்புத் தாது) கார்னெட்டும் (செந்நிறக் கனிமம்) பொடியாகி எங்கே போகும் என்பதற்கான விடையை இந்தக் கரையில் கையில் வைத்துப் பார்க்கலாம்.

அடுத்து, இரு கரையிலிருந்தும் நீளும் மணல் நாக்குகளைப் பாருங்கள். வாடைக்காலம் முடியும் தறுவாயில் வடகரையிலிருந்து தெற்கே நீண்ட நாக்கு தெரிய வாய்ப்பு அதிகம். சித்திரைக்குப் பிறகு தென்கரை நாக்கு வடக்கே வளரத் தொடங்கும். பிள்ளைகளைப் படம் வரையச் சொல்லி, அடுத்த முறை போகும்போது ஒப்பிடச் சொல்லலாம்.

உடைத்தது ஆறா இயந்திரமா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஊருக்குள் தண்ணீர் ஏறும் ஆபத்து இருந்தால் பொக்லைன் வைத்து வெட்டிவிடுவது இந்தக் கரை முழுக்க வழக்கம். வெட்டின வாய் தொடக்கத்தில் நேர்கோடாக, இரு பக்கமும் குவித்த மணலோடு இருக்கும். தானாக உடைந்தது வளைந்து, கடல் பக்கம் விரிந்து இருக்கும். வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவரிடம் "தாத்தா, இந்த வருஷம் வாய் எப்ப அடைச்சுது, யாரு வெட்டினது?" என்று பிள்ளைகளையே கேட்க வையுங்கள். படகு உள்ளே வருவதும் வெளியே போவதும் இந்த வாயை நம்பித்தான் என்பதால் அவர்களுக்கு நாள் நட்சத்திரத்தோடு ஞாபகம் இருக்கும்.

சேலம்–விருத்தாசலம் ரயில் பாதை கடலூர் துறைமுகச் சந்திப்பு வரை போவதால் பெரிய கூட்டத்துக்கு அதையும் யோசிக்கலாம். சாலை வழி என்றால் ஆத்தூர், உளுந்தூர்பேட்டை, பண்ருட்டி. விடியுமுன் கிளம்பினால் இரவுக்குள் வீடு. பக்கத்திலேயே தேவனாம்பட்டினத்தில் கெடிலம் ஆற்றின் வாயும் இருக்கிறது. பெரிய ஆறு, சின்ன ஆறு இரண்டையும் ஒரே நாளில் ஒப்பிடலாம்.

கணக்கில் வராத செலவு: முகத்துவாரத்தில் நிழல் கிடையாது, கழிப்பறை வசதியை நம்ப முடியாது. பெண் பிள்ளைகளோடு போகும் பள்ளிகள் கடலூர் நகரிலேயே அதற்கு ஏற்பாடு செய்துகொண்டு, கரையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது. குடிநீரைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

பரங்கிப்பேட்டை: வெள்ளாற்றின் வாய்

ஆத்தூர், தலைவாசல்காரர்களுக்கு இது சொந்த ஆறு. ஆனால் மணல்மேடு உடைவதைப் பாடமாகக் காட்ட வேண்டும் என்றால் இது முதல் இடமல்ல. மணல் சேர்ந்து குறுகினாலும் இந்த வாய் முழுக்க மூடிக்கொள்வதில்லை. ஓதம் உள்ளே போய் வருகிறது. அதனாலேயே நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலக்கும் கழிமுகத்தின் உயிர்களைப் படிக்க ஏற்ற இடமாகி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் நிலையம் இங்கே இருக்கிறது. கல்லூரி மாணவர்கள் முன்கூட்டி அனுமதி எழுதிக் கேட்டுவிட்டுப் போனால் ஒரு நாள் முழுக்கப் பயன்படும்.

தெற்கே பிச்சாவரம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் அலையாத்திக் காடு. வாய் அடைந்தால் இந்தக் காட்டுக்கு என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள்: கடல்நீர் வந்துபோவது நின்று, தேங்கிய நீரில் உப்பு ஏறி, மரம் வாடத் தொடங்கும். அடைவதும் திறப்பதும் வெறும் மணல் விஷயமில்லை என்பதை இங்கேதான் நன்றாகக் காட்ட முடியும். கடலூரைப் பார்த்துவிட்டு அடுத்த வருஷம் இங்கே வருவது என் கணக்கில் சரியான வரிசை.

பிச்சாவரத்தில் படகுக்கு வரிசை உண்டு. பொங்கல் விடுமுறையிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் பாதி நாள் அதிலேயே போய்விடும். படகுச் செலவு தலைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே வசூலித்துவிடுவது ஆசிரியர்களுக்கு நிம்மதி.

பூம்புகார்: காவிரியின் வாய்

அஸ்தம்பட்டி அம்மாவுக்கு: சங்கமத்தில் நீராட, முன்னோர்க்குத் தர்ப்பணம் கொடுக்க, பட்டினத்தின் பழைமையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல, பூம்புகாருக்கு நிகர் இல்லை. தாராளமாகப் போய்வாருங்கள். ஆறு மணலை உடைப்பதைப் பார்ப்பதற்காகப் போகிறீர்கள் என்றால் ஏமாற்றமாக இருக்கும்.

மேட்டூரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இங்கே வந்து சேரும் காவிரி நம்பமுடியாத அளவுக்கு ஒல்லி. வெள்ளம் வந்தால் முக்கொம்பிலேயே பெரும்பகுதி கொள்ளிடத்தில் திருப்பப்படுகிறது. மிச்சத்தைக் கல்லணை பங்கு பிரிக்கிறது. பாசனத்துக்குப் போனது போக, கடைசியாகப் பூம்புகார் பக்கத்து மேலையூர்க் கதவணையில் நிறுத்தி அளந்துதான் விடுகிறார்கள். வாயில் மணல் நிற்பதா போவதா என்பது மழையைவிட ஷட்டரின் கையில் இருக்கிறது. வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் திறந்த வருஷங்களில் ஆடியில் இங்கே தண்ணீர் பார்க்கலாம்.

ஆடி அமாவாசை, தை அமாவாசைக் கூட்டத்தில் பள்ளிக் குழுவைக் கொண்டுபோய் மாட்டிக்கொள்ள வேண்டாம். தூரமும் சேர்வதால் ஓர் இரவு தங்கும் செலவு நிச்சயம்.

அடையாறு

மணல் அடைப்பைப் பார்க்க மட்டும் என்றால் அடையாறு மோசமில்லை. தமிழ்நாட்டில் அதிகம் பேசப்படும், அதிகம் தோண்டப்படும் முகத்துவாரங்களில் இது ஒன்று. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, வாய் திறந்திருப்பது ஒரு நகரத்துக்கே எவ்வளவு முக்கியம் என்பது எல்லோருக்கும் புரிந்தது. ஆனால் ஆற்றில் கோடையில் ஓடுவது பெரும்பாலும் கழிவுநீர். வாய் இயற்கையாக உடைவதும் அபூர்வம். சென்னையில் உறவினர் வீடு இருந்து, எப்படியும் போகிறவர்கள் அரை நாள் ஒதுக்கலாம். இதற்கென்றே சேலத்திலிருந்து 340 கி.மீ. போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எங்கும் போக முடியாத பள்ளிக்கு: ஒரு தட்டு மணல்

அனுமதி கிடைக்காமல், காசு சேராமல் போகும் பள்ளிகள்தான் அதிகம். அவர்களுக்காக இது. நீளமான தகரத் தட்டு, மூன்று நான்கு படி மணல், ஒரு குவளை. தட்டின் நடுவே ஈரமணலால் நான்கு விரல் உயரத்துக்குக் குறுக்கே கரை கட்டுங்கள். ஒரு பக்கம் கடல், அங்கே கொஞ்சமாகத் தண்ணீர். மறுபக்கம் ஆறு, அங்கே மெதுவாக ஊற்றிக்கொண்டே வாருங்கள். முதலில் கடல் பக்கத்து அடிமணல் நிறம் மாறி நனையும்: தண்ணீர் மணலுக்குள் ஊறிக் கடக்கிறது. அகலமாகக் கட்டின கரை இப்படியே வெகுநேரம் தாங்கும். பிறகு மேலே வழியத் தொடங்கியதும் கடல் பக்கச் சரிவில் ஒரு சின்னப் பள்ளம் விழுந்து, பின்னோக்கி ஏறி வருவதைப் பிள்ளைகள் கண்ணாலேயே பார்ப்பார்கள். கரையின் மேல் ஒரு விரலால் கோடு இழுத்துவிட்டால் உடைப்பு அங்கேதான் வரும். பொக்லைன் செய்வது அதைத்தான்.

உடைந்தபிறகு ஒரு பலகைத் துண்டால் கடல் பக்கத்துத் தண்ணீரைத் தள்ளித் தள்ளி அலை எழுப்புங்கள். ஆற்றில் ஊற்றுவதை நிறுத்திவிட்டால் வாயில் மணல் மெல்லச் சேரும். ஊற்றிக்கொண்டே அலை எழுப்பினால் சேராது. எந்த முகத்துவாரத்துக்குப் போகிற பள்ளியும் முந்தின நாள் இதைச் செய்துவிட்டுப் போனால் பிள்ளைகள் கரையில் நின்று கேட்கும் கேள்விகளே வேறாக இருக்கும்.

கிளம்புவதற்கு முன்

உயர்நிலைப் பள்ளி, குடும்பங்கள்: தாழங்குடா, தை மாதம். இரண்டு முறை போக வசதி இருந்தால் ஆவணியில் மூடிய மேட்டையும், தையில் திறந்த வாயையும் பாருங்கள். கல்லூரி: பரங்கிப்பேட்டை. தொடக்கப் பள்ளி: மணல் தட்டு, அதோடு வாணியாறு அணைக்கோ ஆனைமடுவு அணைக்கோ ஒரு பயணம்.

முந்தின நாள் மாலை மூன்றைச் சரிபாருங்கள்: வானிலை எச்சரிக்கை, சாத்தனூரிலிருந்து திறக்கும் நீரின் அளவு, கடல் வற்றும் நேரம். அணையில் திறப்பு கூடியிருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள், கட்டின வண்டி முன்பணம் போனாலும் பரவாயில்லை. கரையில் மணல் சுவரின் விளிம்பிலிருந்து பத்தடியாவது தள்ளி நில்லுங்கள்; மேலே உறுதியாகத் தெரியும் மணல் அடியில் குடைந்திருக்கும், ஓர் ஆள் எடைக்கே பாளமாகச் சரியும். வாயில் யாரையும் இறக்க வேண்டாம். முழங்கால் ஆழம்தான் என்று தோன்றும் இடத்தில் ஆறு இழுக்கும் வேகத்தை நீச்சல் தெரிந்தவராலும் சமாளிக்க முடியாது. பிள்ளைகள் கால் நனைக்க ஆசைப்பட்டால் வாயைவிட்டு நன்றாகத் தள்ளி, மீனவர்கள் காட்டும் இடத்தில், பெரியவர்கள் கைகோத்து நின்றபிறகு அனுமதியுங்கள்.